மணல் குடித்த நல்லெண்ணெய்

டின் கவிழ்ந்ததும் ஹாலாஸ்யம் டின்னைப் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று கொல்லைக் கதவைத்தான் பார்த்தார். கோர்ட்டு குமாஸ்தா புத்தி. திரும்புவதற்குள் டின் காலி. சுவர் பூசக் கொட்டி வைத்திருந்த வைகை மணல் அத்தனையையும் குடித்துவிட்டுக் கறுத்துக் கிடந்தது. நல்லெண்ணெய் வாசனை மட்டும் கமகமவென்று வந்தது.

எறும்பு ஏறுமே என்று டின்னை இடம் மாற்றப் போனார், பாவம். "அதைத் தொடாதீங்கோ" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் ஜகதாம்பாள் காலையில் பரவைக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். டைபாய்டில் படுத்த புருஷன் பிழைத்து எழுந்தால் மீனாட்சிக்கு நூற்றெட்டு விளக்குப் போடுவதாக அவள் வேண்டிக்கொண்ட எண்ணெய் அது. விளக்கு இன்று சாயங்காலம். தன் உயிருக்காக நேர்ந்துகொண்டதைத் தானே கொட்டிய மனுஷனுக்கு மறுபடி ஜுரம் வரும்போல இருந்தது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அகப்பட்டவருக்குத்தான் தெரியும்.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது அவருக்குத் தெரிந்த விஞ்ஞானம். எட்டுக் குடம் இறைத்து மணலில் ஊற்றினார். மணல் அதையும் குடித்தது. எண்ணெய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிச்சுமணி மதில்மேல் தலை நீட்டினார். காலேஜ் ரசாயன லாபில் குடுவை கழுவும் உத்தியோகம். பேச்சு மட்டும் புரொபசர்.

"என்ன ஓய், மணலுக்கு அபிஷேகமா?"

ஹாலாஸ்யம் விஷயத்தைச் சொன்னார்.

"காஞ்ச மணல் ஓய், ரயில் பெஞ்சு மாதிரி. முதல்ல வந்த எண்ணெய் துண்டைப் போட்டு உக்காந்துடுத்து. இப்ப தண்ணி வந்து நின்னா எழுந்துக்குமா? ஈர மணலா இருந்தா தண்ணி உக்காந்திருக்கும், எண்ணெய் வழுக்கிண்டு மேல வந்திருக்கும்."

"உக்காந்ததை எப்படி எழுப்பறது?"

"அமெரிக்காவில பாறைக்குள்ள இருக்கற எண்ணெயையே சலவைச் சோடாவும் சோப்பும் விட்டுக் கிளப்பறானாம். பத்திரிகையில படிச்சேன். சோப்பு ஒரு கையால எண்ணெயைப் பிடிக்கும், இன்னொரு கையால தண்ணியைப் பிடிக்கும். இழுத்துண்டு வந்துடும்."

கல்யாண அண்டா வெளியே வந்தது. மணலை வாரிப் போட்டு, சோடாவும் பார் சோப்பும் சீவிப் போட்டு, வெந்நீர் விட்டுத் துடுப்பால் கிண்டினார். எண்ணெய் எழுந்தது வாஸ்தவம். ஆனால் எண்ணெயாக எழவில்லை. வெள்ளை வெளேரென்று பாலாகப் பொங்கி, அண்டாவைத் தாண்டி, துளசி மாடத்தைப் பிரதட்சிணம் செய்து, சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போயிற்று.

"ரெண்டு பேரையும் சோப்பு கோத்துவிட்டுடுத்து," என்றார் பிச்சுமணி. "பிரிச்சாகணும். புளியைக் கரைச்சு விடும். உப்பும் போடும்."

வருஷத்துப் புளி முழுக்கப் போயிற்று. நுரை அடங்கியது. அண்டாவில் மணல் போட்ட ரசம்போல ஒன்று நின்றது. அதன் மேலே, மெய்யாகவே, மஞ்சளாக எண்ணெய். கரண்டியால் மொண்டு மொண்டு சேர்த்ததில் அரைப்படி தேறியது. மோந்து பார்த்த ஹாலாஸ்யத்துக்குத் தும்மல் வந்தது.

"இதைப் போய் மீனாட்சிக்கு..."

"விளக்கு எரிஞ்சாப் போறும் ஓய். அவ என்ன இதைப் பெசஞ்சா சாப்பிடப் போறா?"

அப்போது ஜகதாம்பாள் ஒரு பெரிய மூட்டையோடு வந்து நின்றாள். அண்டாவைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், புளியில் நனைந்த புருஷனைப் பார்த்தாள். பிச்சுமணியின் தலை மதிலுக்குப் பின்னால் இறங்கியது.

"ஜகதா, நான்தான். கை தவறி டின்னு..." ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டார்.

"போனாப் போறது, எண்ணெய்தானே," என்றாள் அவள், மெதுவாக. "வரச்சே வேற டின் வாங்கிண்டு வந்துட்டேன்."

"இங்கே கொட்டினது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னமோ, மனசில பட்டுது."

ஹாலாஸ்யம் மூட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாக இந்தப் புண்ணியவதிக்கா பயந்து நடுங்கினோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

பாத்திரம் தேய்க்க வந்த இருளாயி அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து அம்மா மணல்ல கொட்டுன எண்ணெயை இம்புட்டு வழிச்சுப்புட்டீகளே சாமி," என்றாள். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு டின்னு நெறையத் தண்ணி ஊத்தி வச்சாகளே, அதை என்ன செஞ்சீக?"