களிமண்ணில் காற்று வந்த நாள்

பிள்ளைகளே, என்னை இதுவரை வேறு யாரும் ஏமாற்றியது கிடையாது. அந்த வேலையை நானே பார்த்துக்கொள்வேன்.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரை படிப்பு. சந்தேகம்தான் என் தொழில். டியூபைத் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புத்தி கடையோடு நிற்பதில்லை. தர்பூசணி வாங்கினால் தட்டுவேன், தேங்காய் வாங்கினால் ஆட்டுவேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியைப் பிய்த்து உள்ளே பார்த்தேன். (வாழைக்காய்தான் இருந்தது. என் வீட்டுக்காரம்மா அதை இன்னும் மறக்கவில்லை.)

என் மகள் தேன்மொழி பிளஸ் டூ முடித்ததும், திண்டிவனத்தில் ஒரு படிப்பு இருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றாள். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, இல்லாத களிமண்ணைப் பிசைந்து, கம்ப்யூட்டருக்குள் சிலை செய்கிற படிப்பாம். சினிமாவுக்கும் கேம்ஸுக்கும் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"களிமண்ணு எங்கம்மா இருக்கும்?"

"இருக்காதுப்பா."

"செலை?"

"அதுவும் கையில இருக்காது. கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"அப்ப ஃபீஸு மட்டும்தான் கையில குடுக்கணுமா?"

மூன்று நாள் அவள் சேர்க்கை ஃபாரத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சேர்வதற்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. அப்பா கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். நேரில் பார்க்கிறேன், சரியென்று பட்டால்தான் போடுவேன் என்றேன்.

"வாங்க. ஆனா அங்க எதயும் தட்டிப் பாக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். அங்கேயே எனக்கு ஒரு சந்தேகக் குமிழி வந்தது. போன வாரம் வாங்கிய செருப்பு. உள்ளே தாடி வைத்த, கண்ணாடி போட்ட ஒரு தம்பி நின்றார். அவர்தான் மாஸ்டராம். இரண்டு மூன்று பெற்றோர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, நீங்களே போட்டுப் பாருங்களேன்" என்று மாஸ்டர் பெட்டியை நீட்டினார்.

கண்ணைக் கட்டுகிற இடத்தில் என்ன நடக்கும்? செல்போன் போகும். கட்டை விரலில் மை தடவி ரேகை எடுத்துக்கொள்வார்கள். நான் விவரமான ஆள் இல்லையா, இடது கையைச் சட்டைப் பாக்கெட்டில் செல்போன் மேலேயே வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் வேலைக்குக் கொடுத்தேன்.

பெட்டியை மாட்டியதும் ஒரு பெரிய வெள்ளை மண்டபம் தெரிந்தது. என் முகத்துக்கு நேரே, கொழுக்கட்டை மாவு மாதிரி ஒரு உருண்டை அந்தரத்தில் நின்றது.

"ரெண்டு விரலால கிள்ளி இழுங்க ஐயா. மூக்கு வரும். நீல வலை தெரிஞ்சா அதத் தாண்டிப் போவாதீங்க, அங்க செவுரு."

கிள்ளி இழுத்தேன், மூக்கு வந்தது. ஆனால் கையில் ஒன்றுமே தட்டுப்படவில்லை. கனமில்லை, ஈரமில்லை. இது சுத்த ஏமாற்று என்று முடிவு கட்டினேன். அதோடு செருப்பு ஞாபகம் வேறு. பெட்டியின் ஓரத்தைக் கிள்ளித் தூக்கி வாசலைப் பார்த்தேன். செருப்பு இருந்தது. மறுபடி மாட்டினால், தூக்கின விரலோடு மூக்கும் மேலே போய் நெற்றியில் நின்றது. நாலு தடவை செருப்பைப் பார்த்ததில் மூக்கு புடலங்காய் நீளத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். கண் மறைந்தால் நாம் பேசுவது யாருக்கும் கேட்காது என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

"தாடிக்காரன் மூஞ்சியே சரியில்ல. பஸ்ஸுல ஜேப்படி அடிக்கிறவன் மாதிரியே இருக்கான்" என்றேன். மனசுக்குள்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

மூக்கை உள்ளே தள்ளிச் சரி பண்ணலாம் என்று முன்னால் போனேன். நீல வலை தெரிந்தது. சுவரே இல்லாத மண்டபத்தில் என்ன சுவர் என்று அதையும் தாண்டினேன். "ஐயா, நில்லுங்க" என்று குரல் கேட்டது. அதே நேரம் என் விரலில் மூக்கு தட்டுப்பட்டது.

நிஜமாகவே தட்டுப்பட்டது. கனம் இருந்தது. சூடு இருந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கியது. கூர்ந்து கவனித்தால், இரண்டு இடத்தில் காற்று வேறு வருகிறது. இருபது வருஷம் பஞ்சர் ஒட்டினவன் கைக்குக் காற்று கசிவது தெரியாதா? பாக்கெட்டில் இருந்த இடது கையையும் எடுத்தேன். இரண்டு கட்டை விரலாலும் இரண்டு ஓட்டையையும் கெட்டியாக அடைத்தேன்.

"தேனு, இது நெஜம்தாம்மா. களிமண்ணுல காத்துகூட வருது. நல்ல படிப்பு. சேத்துடலாம்."

"அப்பா, உடுங்கப்பா."

"இரும்மா, இன்னும் லேசா வருது."

பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "ஏம்பா, அது அந்தத் தம்பி மூக்கு. மூச்சு முட்டிக்கினு நிக்குது பாரு, உடுப்பா."

பெட்டியைக் கழற்றினேன். நான் சுவரில் மோதாமல் தடுக்கக் குறுக்கே வந்து நின்ற மாஸ்டரின் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. மூக்கின் இரண்டு பக்கமும் என் கட்டை விரல் ரேகை, டயர்க் கறுப்பில் அச்சாகப் பதிந்திருந்தது. யாரோ என் ரேகையைத் திருடுவார்கள் என்று பயந்து போனவன், நானாகவே வைத்துவிட்டேன். சுவரில் இருந்த பெரிய டிவியில் புடலங்காய் மூக்கோடு அந்தக் களிமண் தலை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நான் செய்ததை எல்லாரும் முதலிலிருந்தே அதில் பார்த்திருக்கிறார்கள்.

வாசலைப் பார்த்தேன். செருப்பு அங்கேயே இருந்தது. அது காணாமல் போயிருந்தாலாவது தேடுகிற சாக்கில் ஓடியிருப்பேன்.

தேன்மொழி முகம் சிவந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஃபாரத்தையும் பேனாவையும் என் முன்னால் நீட்டினாள்.

"சேத்துடலாம்னு சொன்னீங்க."

"அது வந்தும்மா, அப்ப நான் புடிச்சது வேற மூக்கு..."

மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். "ஐயா, தயவு செஞ்சு போட்டுடுங்க. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ண வாணாம்."

என் வாழ்க்கையில் படித்துப் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

படிப்பு நிஜமான படிப்புதான். தேன்மொழி இப்போது பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, கேம்ஸுக்கு யானையும் ராட்சசனும் செய்கிறாள். லீவுக்கு வந்திருக்கும்போது, வீட்டில் நான் பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் போதும், "காத்து வருதாப்பா?" என்பாள்.

போன மாதம் மாஸ்டர் தன் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்திரிகையைக் கையில் தரவில்லை. ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

நான் பழக்க தோஷத்தில் பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

சமையல்கட்டிலிருந்து என் வீட்டுக்காரம்மா குரல் வந்தது. "ஏங்க, நெஜமான்னு சந்தேகமா இருந்தா ஒரு தடவ அமுக்கிப் பாத்துடுங்க."

மாஸ்டரின் கை தானாகவே தன் மூக்கைப் பொத்திக்கொண்டது.