ஆல்டர்ஷாவில் ஆயிரத்து நூற்று நாற்பது உறுதிகள்

மறுப்பைக் கேட்கும் காது இல்லாமலே பிறந்தவர்கள் சிலர் உண்டு. மற்றதெல்லாம் அவர்களுக்கு நன்றாகவே கேட்கும். எதிரே நிற்பவர் "பாக்கலாம்" என்று இழுத்தால் மட்டும் அது "சரி" என்று விழும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் "ஆஹா, அதுக்கென்ன" என்று விழும். கதவையே சாத்திவிட்டால், காற்று பலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். எல்லா ஊரிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஐந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு நூற்றிருபது பேரோடு பந்தி நடத்துகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்கள்தான். ஆனாலும் இந்த இனம் கொழுத்து வளர்வதற்கான தட்பவெப்பம் இங்கிலாந்தில்தான் இருக்கிறது, அதிலும் நகரசபைத் தேர்தல் வருகிற வசந்தகாலத்தில்.

காரணம் சொல்கிறேன். அந்த ஊரில் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்பது, குளியலறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளிப்பதற்குச் சமம். யாரும் செய்ய மாட்டார்கள். "ரொம்ப சுவாரசியமா இருக்கே" என்பார்கள். "உங்கள மாதிரி ஆளுங்கதான் இப்ப வேணும்" என்பார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரே பொருள்தான்: அடுப்பில் வைத்தது தீய்கிறது, தயவுசெய்து போய்விடுங்கள். அங்கே பிறந்த ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாதவர் டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் ஒருவர்தான்.

டெஸ்மண்டுக்கு அறுபத்துமூன்று வயது. நில அளவைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்டர்ஷா நகரசபையில் பவுண்ட் லேன் பகுதிக்கு எந்தக் கட்சியும் சாராத சுயேச்சையாக மூன்று முறை நின்றிருக்கிறார். மூன்று முறையும் நகரசபைக் கட்டடத்துக்குள் பார்வையாளர் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். இத்தனைக்கும் அவரே அந்த மொழியில் கைதேர்ந்தவர். கோடி வீட்டுத் தம்பதியைப் பார்க்கும்போதெல்லாம் "ஒரு நாள் நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா சாப்பிட வரணும்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்த நாள் என்று அவரும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. இரு தரப்பும் பரம திருப்தி. அதே மனிதர் கையில் ஒரு பரீட்சை அட்டையும் வாக்காளர் பட்டியலும் ஏறிவிட்டால் போதும், ஊரே உண்மை பேச ஆரம்பித்துவிட்டதாக நம்பிவிடுவார்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: உறுதி, அநேகமாக, எதிர். டெஸ்மண்டின் பட்டியலில் உறுதிகள் மழைக்கால ஈசல் மாதிரி பெருகின. நாய் குரைக்கிற வீட்டில் யாரும் வெளியே வரவில்லையா? அநேகமாக. குளித்துவிட்டுத் துண்டோடு வந்த மனிதர் குளிரில் வெடவெடத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாரா? உறுதி. ஓர் அம்மாள் வாசலில் நின்று தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி நாற்பது நிமிஷம் சொன்னார், தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் உறுதி, மனம் விட்டுப் பேசுகிறவர்கள் வேறு யாருக்குப் போடுவார்கள்? பதினாறு வருடமாகப் பவுண்ட் லேனின் உறுப்பினராக இருக்கும் ட்ரெவர் ஆக்டனின் வீட்டுக் கதவையே ஒரு நாள் தட்டினார். ஆக்டனின் மனைவி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, உங்கள் பிரசாரத்தை நாங்கள் மிகவும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொன்னாள். டெஸ்மண்ட் வெளியே வந்து சற்று யோசித்தார். அவருக்கும் ஒரு நிதானம் உண்டு. "அநேகமாக" என்று மட்டும் குறித்தார்.

அவருடைய ஏஜென்ட் ஹில்டா டோங்ஸ் முப்பது வருடம் அந்தத் தெருக்களில் தபால் போட்டவள். யார் வீட்டுக்கு எந்தக் கடிதம் வரும், யார் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. பட்டியலைக் கூட்டிப் பார்த்து ஆயிரத்து நூற்று நாற்பது உறுதி என்று டெஸ்மண்ட் அறிவித்தபோது அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அஞ்சால வகுத்துக்குங்க, டெஸ்மண்ட். எல்லாரும் அப்படித்தான் வகுப்பாங்க."

"அது மத்தவங்களுக்கு, ஹில்டா. என்கிட்ட யாரும் இல்லன்னு சொல்லல."

ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

இதில் சிரிக்க ஏராளம் இருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் டெஸ்மண்டுக்கு இந்த முறை இது விளையாட்டு இல்லை. ஜனவரியில் அவர் மனைவி மெரியலுக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. மெரியலின் தங்கை கடற்கரையோரம் இருக்கிறாள். பக்கத்து வீடு விலைக்கு வருகிறது. படிக்கட்டு இல்லாத வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல். பத்து வருடமாக மெரியல் ஆசைப்படும் வாழ்க்கை. இந்தத் தடவையும் தோற்றால் ஆல்டர்ஷா வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடுவது என்று பேச்சு. டெஸ்மண்ட் உடனே ஒப்புக்கொண்டார். தோற்கப்போவதில்லையே, ஒப்புக்கொள்வதற்கு என்ன? ஆனால் ராத்திரி படுத்தபின் ஊரில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். முப்பத்தெட்டு வருடம் இருந்த ஊர். பூங்காவில் நாலாவது பெஞ்சு அவர் மனுப்போட்டு வந்தது. பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வந்ததும் அவரால்தான். கடைத்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒருவருக்கும் தன் பெயர் தெரியாத ஊரில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவருக்குப் பயமாகவே இருந்தது.

மே மாதத்து வியாழக்கிழமை. ஓட்டுப் போடும் நாள். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே மெரியல் சொன்னாள்.

"நான் உனக்குப் போடப்போறதில்ல, டெஸ். பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது பாரு, இப்பவே சொல்லிட்டேன். எனக்குக் கடல் வேணும்."

டெஸ்மண்ட் நேர்மையான மனிதர். பட்டியலை எடுத்து, தன் சொந்த விலாசத்தைத் தேடிப் பிடித்து, மனைவியின் பெயருக்கு எதிரே "எதிர்" என்று குறித்தார். பவுண்ட் லேன் முழுவதிலும் அந்த ஒரு குறிதான் அப்படி இருந்தது.

மறுநாள் காலை உள்விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். கூடைப்பந்துக் கோடுகளின்மேல் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். டெஸ்மண்ட் சட்டையில் ரிப்பன் பூவோடு, நன்றியுரைத் தாளை உள்பையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு மேசை போய் எட்டிப் பார்த்தார். முதல் பெட்டியில் ஆக்டனின் கட்டு ஏறியது. அது எதிரணிக்காரர்கள் வசிக்கும் தெரு என்றார். இரண்டாவது பெட்டியிலும் ஏறியது. அங்கே சாயங்காலம் வந்து போட்டவர்களின் சீட்டு அடியில் இருக்கும் என்றார். மூன்றாவது அவர் தெருவுக்கே உரிய பெட்டி. அறுபத்துநாலு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் அவர் தேநீர் குடித்திருக்கிறார். அதை எண்ணி முடித்ததும் ஹில்டா அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. காதுமடல் வரைக்கும் சிவந்து போய் நின்றார்.

கடைசியில் சந்தேகச் சீட்டுகள். கட்டத்துக்குள் குறி போடாமல் வேறெதையோ கிறுக்கியிருப்பவற்றைத் தேர்தல் அதிகாரி தனியே எடுத்து வைத்து, வேட்பாளர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். யாருக்குப் போட நினைத்தார் என்று தெளிவாகத் தெரிந்தால் ஓட்டு செல்லும். போட்டவர் யார் என்று அந்த எழுத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடிந்தால் செல்லாது. இந்த விதி அங்கே யாரையும்விட டெஸ்மண்டுக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கிழவர் தன் முழுப் பெயரையும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக, தனக்கே விழுந்த ஓட்டைச் செல்லாது என்று எடுத்துச் சொல்லித் தள்ள வைத்தவர் அவர். அந்தக் கிழவர் அதன்பின் அவரோடு பேசுவதில்லை.

ஒருவர் எல்லாக் கட்டங்களையும் அடித்துவிட்டு "திருடன்கள்" என்று எழுதியிருந்தார், செல்லாது. ஒருவர் பூசணிக்காய் வரைந்திருந்தார், செல்லாது. மூன்றாவது சீட்டை அதிகாரி திருப்பிக் காட்டினாள். பிக்கர்ஸ்கில் என்ற பெயருக்கு எதிரே குறி எதுவும் இல்லை, அதே கட்டத்தில் "சரி, போய்த் தொலை" என்று சாய்ந்த எழுத்தில் எழுதி, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி வட்டம் போட்டிருந்தது.

சாமான் வாங்கும் சீட்டுகளில், மருந்துப் பெட்டி மூடியில், பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளில், "சாப்பாடு அடுப்பில் இருக்கிறது, நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்" என்று குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய காகிதங்களில், முப்பத்துநாலு வருடமாக டெஸ்மண்ட் அந்தக் குட்டி வட்டத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"கொஞ்சம் கோவமா இருந்தாலும் ஓட்டு இவருக்குத்தான்னு தெளிவா இருக்கு" என்றாள் அதிகாரி. "யாருக்காவது ஆட்சேபணை உண்டா? எழுதினது யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

ஆக்டன் பெருந்தன்மையாகச் சிரித்து, அவருக்கே இருக்கட்டும் என்றார். அவர் ஆயிரத்து முந்நூறைத் தாண்டியிருந்தார். கொடுப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது. ஹில்டா டெஸ்மண்டைப் பார்த்தாள். எங்கே விதிமீறல் நடந்தாலும் முதலில் உயரும் கை அது. அந்தக் கை இப்போது முதுகுக்குப் பின்னால் போய் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

"தெரியாது" என்றார் டெஸ்மண்ட்.

நாலு தேர்தலில் அவர் செய்த ஒரே முறைகேடு அதுதான். மொத்தம் நூற்று எண்பத்தேழு ஓட்டு. மூன்றாம் இடம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முந்நூற்று நாற்பது பேர் அவருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்லிவிட்டார்கள். கசாப்புக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். முழங்கால் அம்மாள் தெருவைக் கடந்து, நொண்டிக்கொண்டே வந்து சொன்னார். துண்டு மனிதர் இந்த முறை முழு உடையில் சொன்னார். தேவாலய வாசலில் வரிசையாக நின்று, நாங்கள் எல்லோரும் உங்களுக்குத்தான் போட்டோம், எப்படித்தான் இப்படி ஆனதோ என்று அனுதாபப்பட்டார்கள். எண்ணியவர்களே எங்கோ தவறு செய்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடினார். டெஸ்மண்ட் எல்லோருக்கும் நன்றி சொன்னார். கொஞ்சம் நம்பவும் செய்தார். என்ன செய்வது, காது அப்படி.

அன்று மத்தியானம் மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மெரியல் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நூத்தி எம்பத்தேழுல என்னோடது இல்ல, டெஸ். சொன்னபடிதான் செஞ்சேன்."

"தெரியும்" என்றார் டெஸ்மண்ட்.

முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னதை அவர் நம்பாமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உருளைக்கிழங்கு சூடு என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். ஆசைப்பட்ட கடலைக் கையிலிருந்து விட்டுவிடத் துணிந்து ஒருத்தி அந்த ஓட்டைப் போட்டிருக்கிறாள். ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் யாருக்கும் அவருக்கு ஓட்டுப் போட்டதால் எந்த நஷ்டமும் வந்திருக்காது, அவர் ஜெயித்திருந்தால் அவளுக்கு வந்திருக்கும்.

"வீட்டுத் தரகர்கிட்ட நாளைக்கு நானே பேசறேன்" என்றார். "காலையிலயே பேசிடறேன். அந்த வீடு போயிடப் போவுது."

மெரியல் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

பாவம் டெஸ்மண்ட் என்று இப்போது நீங்கள் உச்சுக் கொட்டுகிறீர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. அலுவலகத்தில் உங்கள் யோசனையை எல்லோரும் ஆமோதித்தார்கள், இல்லையா? நீங்கள் பாடினால் வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறார்கள், இல்லையா? அவர்கள் கண்ணை மூடிக்கொண்டது எதனால் என்று என்றைக்காவது விசாரித்தீர்களா? வேண்டாம், விசாரிக்காதீர்கள். உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு அது ஆகாது. நான் ஆல்டர்ஷாவில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருந்துகொண்டு இப்படி எழுதி வருகிறேன். அச்சில் வந்ததைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டுவேன். அருமையாக இருக்கிறது என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தெம்பில்தான் இதையும் எழுதினேன். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.