‘மாளிகைச் சாவி’யின் நிறையும் குறையும் இடம் மாறியது பற்றி

‘வெள்ளித் தராசு’ ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சந்திலிருந்து, பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் படிக்கும் கா. சாபிரா பணிவுடன் எழுதுவது. வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சுக்கோப்பவரும் நலமாக இருக்க வேண்டுமென்று முதலில் விரும்புகிறேன். அச்சுக்கோப்பவரைக் குறிப்பாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற இதழில் ‘மாளிகைச் சாவி’ படத்துக்கு வந்த மதிப்புரையில், ‘குறை’ என்ற தலைப்பின் கீழ் இருக்க வேண்டியதெல்லாம் ‘நிறை’யின் கீழும், நிறையெல்லாம் குறையின் கீழும் இருக்கின்றன. அது அவருடைய கைப்பிசகு என்றால் மன்னித்துவிடுகிறேன். தங்களுடைய சொந்தக் கருத்து என்றால் மேலே படியுங்கள்.

மாளிகை வாரிசு குலசேகரனின் ‘கம்பீரமான செந்தமிழ் வசனம்’ படத்தின் நிறையாம். ரிக்‌ஷாக்கார ஏகாம்பரத்தின் ‘கொச்சைப் பேச்சு காதுக்கு நாராசம்’ என்பது குறையாம். ஐயா, காதைப் பற்றித் தாங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டின் பின்பக்க ஜன்னலுக்கும் சினிமாக் கொட்டகைக்கும் நடுவே ஒரு மதில்தான். பரீட்சையில் தேறும்வரை கொட்டகைக்குப் போய்ப் படம் பார்க்கக் கூடாது என்பது என்னைப் பெற்ற அத்தாவின் உத்தரவு. பார்க்கக் கூடாது என்றுதான் சொன்னாரே தவிர, கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகையால் நான் ஒவ்வொரு படத்தையும் அது கொட்டகையை விட்டுப் போகும்வரை கேட்டிருக்கிறேன். தங்கள் மதிப்புரையாளர் ஒரு தடவை பார்த்திருப்பார், அதுவும் இடைவேளையில் காப்பி குடிக்கப் போயிருப்பார்.

எங்கள் சந்துப் பெண்கள் எந்தப் புதுப்படத்துக்கும் என்னைக் கேட்காமல் போகமாட்டார்கள். கொடிமரத்தருகே இறால் விற்கும் சொக்கம்மாள் அக்காவும், பக்கத்து வீட்டு இருதயம்மாள் அக்காவும் “இன்னாமே சாபிரா, துணிஞ்சி போலாமா, வாணாமா?” என்று கேட்பார்கள். நான் நிறைகுறைகளை எடுத்துச் சொல்வேன். ‘மாளிகைச் சாவி’யைப் பற்றி நான் சொன்ன தீர்ப்பு இதுதான். கதாநாயகி கோமளாவின் இருமல் முதல் தரம். நிலக்கரி இறக்குகிறவர்கள் வீட்டில் கேட்கும் அதே இருமல். ஆனால் அவள் ஒரு முழுப் பாட்டும் பாடுகிறாள், அதற்குள் ஒரு இருமல்கூட இல்லை. இது குறை. குலசேகரன் என்பவன் பெரிய பித்தலாட்டக்காரன். ரிக்‌ஷா ஏகாம்பரம்தான் கதாநாயகன்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்பீர்கள். குலசேகரன், “அஞ்சற்க, கோமளா! நாளை கதிரவன் எழுமுன் உன்னைக் காக்க ஓடோடி வருவேன்!” என்கிறான். அடுத்த காட்சியில் சேவல் கூவுகிறது, அவள் தனியாக இருமுகிறாள். இப்படியே படம் முழுக்க வருவேன் வருவேன் என்கிறான், ஒரு தடவைகூட வந்த பாடில்லை. ஏகாம்பரமோ, “இன்னாமே, தனியா குந்திகினு அழுவுற? இந்தா, இட்லி துன்னு” என்கிறார். இதில் யார் நல்லவர்? எங்கள் சந்தில் செந்தமிழ் பேசிக்கொண்டு ஒரே ஒருவர்தான் வந்திருக்கிறார். நகரசபை அதிகாரி. “பேரன்பு கொண்ட பெரியோர்களே, தாய்மார்களே” என்று ஆரம்பித்தார். மறுநாள் லாரி வந்து கருவாடு காயவைக்கும் பரண்களைப் பிரித்துக்கொண்டு போனது. கடைசிக் காட்சியில் “இந்தக் கயவனைக் கைது செய்யுங்கள்!” என்று ஒரு குரல், ஒரே கைதட்டல். யாரைக் கைது செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இதை நம்பிப் பெண்கள் போனார்கள். ஆட்டம் முடிந்ததும் சொக்கம்மாள் அக்கா நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

“எங்க அந்தப் படிச்ச பொண்ணு? வெளிய வாமே!”

“இன்னா ஆச்சி சொக்கம்மா?” என்று அம்மா பயந்துபோய்க் கேட்டாள்.

“இன்னா ஆச்சா? உம் பொண்ணு பேச்ச நம்பி, அந்த மாளிகைக்காரன் வந்தானோ இல்லியோ, ‘த்தூ, கலீஜ் பையா!’ன்னு எய்ந்து நின்னு கத்திட்டேன். கொட்டாயே திரும்பிப் பாத்துச்சி. கொட்டாய்க்காரன் எம் மூஞ்சில டார்ச்சு அடிக்கிறான்! பாத்தா அவனுக்கு மால போடுறானுங்க. நல்லவன்னாளே, அந்த ரிக்‌ஷாக்காரன், அவன்தான் சாவிய லபக்குனு எட்த்து இட்ப்புல சொருவுறான்!”

“எனக்குக் கண்ணீரே வரலப்பா,” என்றாள் இருதயம்மாள் அக்கா. “யாருக்கு அய்வுறதுன்னே தெர்ல.”

சாவியை எடுத்த சத்தம் எனக்கும் கேட்டதுதான். கோமளாவின் வளையல் என்று நினைத்தேன். அத்தா உள்ளேயிருந்து வந்தார்.

“நீ எங்க படம் பாத்தே?”

“பாக்கலத்தா. கேட்டேன்.”

“பாக்காதன்னா, காதால பாத்துகினு கீறியா?”

என் அத்தா துறைமுகச் சரக்குகளுக்குக் கள்ளிப்பெட்டி அடிப்பவர். வீட்டில் ஆணிக்கும் பலகைக்கும் பஞ்சமில்லை. அப்போதே, எல்லோரும் பார்க்க, பின்பக்க ஜன்னலை அடித்து மூடிவிட்டார். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை, அதையும் தலைகீழாக அடித்திருக்கிறார். நான் சொன்னது சரிதான் என்று அழுதேன். “சரின்னு எவனாவது படிச்சவன் அச்சுல போடட்டும், அன்னிக்கித் தொறக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் ஐயா, படிப்பகத்துக்கு ஓடிப்போய்த் தங்கள் இதழை எடுத்தேன். ஆறுதலுக்கு வந்த இடத்தில் தாங்களும் என்னை அடித்துவிட்டீர்கள்.

ஏகாம்பரம் சாவியைத் திருடினார் என்றே வைத்துக்கொள்வோம். இட்லி கொடுத்தவர் ஏன் திருட வேண்டும்? அதற்கு முன்னால் ஒரு காட்சியிலாவது காரணம் சொன்னார்களா? நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள். சொல்லவில்லை. கதாசிரியருக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். ‘இன்னா’ என்று பேசுகிறவன் கையில் கிடைத்தான். அவன் இடுப்பில் சாவியைச் செருகிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி. படத்துக்குப் படம் எங்கள் பேச்சைப் பேசுகிறவன் ஒன்று பல்லைக் காட்டுகிறான், இல்லையென்றால் அடுத்தவன் பையில் கை விடுகிறான். என் அம்மா இந்தப் பேச்சில்தான் என்னைத் தாலாட்டினாள். அது நாராசம் என்றால் தங்கள் மதிப்புரையாளர் இந்தச் சந்துக்கு வந்து அவள் முகத்துக்கு நேரே சொல்லட்டும், சூடா ஒரு டீயும் குடுத்து, வாங்கிக் கட்டிகினு போகச் சொல்கிறோம். மன்னிக்கவும், கோபத்தில் எழுத்து தடம் புரள்கிறது.

ஆகவே அடுத்த இதழில், நிறையும் குறையும் இடம் மாறிவிட்டன, ராயபுரம் வாசகி சொன்னதே சரி என்று பெரிய எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் காட்டினால்தான் என் ஜன்னல் திறக்கும். சொக்கம்மாள் அக்காவும் என்னோடு பேசுவாள். தங்கள் பேனாவுக்கு இறைவன் நேர்மையையும், தங்கள் பத்திரிகைக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக.

தங்கள் உண்மையுள்ள,
கா. சாபிரா

பின்குறிப்பு: தயவுசெய்து மேற்கண்ட கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டாம். தபால் தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அனுப்புகிறேன். பெட்டியில் போடச் சொல்லி அத்தாவிடம் கொடுத்தபோது அவர் வாசித்துவிட்டு, “பாக்காத படத்துக்கு இம்மாம் பெரிய சண்டையா? ஒருவாட்டி பாத்துட்டு வந்து போடு” என்று, சொக்கம்மாள் அக்காவைச் சமாதானம் செய்து அவளுடன் முதல் ஆட்டத்துக்கு அனுப்பினார். ஐயா, “அஞ்சற்க” என்று சொல்லும்போது குலசேகரனின் ஒரு புருவம் மட்டும் மேலே போகிறது. அது ஜன்னல் வழியாகக் கேட்காது. அவர் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் கோமளா காத்திருக்கலாம் என்றே தோன்றியது. ஏகாம்பரத்தை விலங்கு மாட்டி இழுத்துப் போனபோது பெண்கள் பகுதியில் பலமாகக் கைதட்டியது நான்தான். “இன்னாமே, உன் ஆளத்தானே இஸ்துகினு போறாங்க?” என்று சொக்கம்மாள் அக்கா கேட்டதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “இன்னாடி, படம் எப்டி கீது?” என்றாள். “என்னென்று இயம்புவேன், அன்னையே!” என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அத்தா பக்கம் திரும்பி, “இந்தாங்க, எந்த மவராசன் அச்சுல போட்டாலும் சரி, அந்த ஜன்னலத் தொறக்காதீங்க” என்றாள்.