மொட்டை மாடி ஜிலேபி

மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக்கொண்டு, ரேஷன் கடை வாசலில் நிற்கிற ஜனம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

லூயிஸ் தொட்டியின் விளிம்பில் குனிந்து மோந்து பார்த்தார். முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார்.

"இன்னாய்யா, மறுபடியும் நாறுதா?" துணிக்கூடையோடு மாடிக்கு வந்த மனைவி ரூத் கேட்டாள்.

"நாறல. மீனுன்னா கொஞ்சம் வாசனை இருக்கத்தான் செய்யும்."

"எனக்கே சொல்றியா? காசிமேட்டுல பொறந்து வளந்தவ நானு. மீனு வாசனை இன்னான்னு எனக்குத் தெரியும். இது வேற."

சுனாமிக்கு மறுவருஷம் துறைமுகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் லூயிஸ். கிரேன் பட்டறையில் அத்தனை வருஷம் ஃபிட்டராக இருந்த கை. சும்மா இருக்கச் சொன்னால் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டியது. ரூத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பழைய சிநேகிதனான மணிலாக்காரக் கப்பல் மெக்கானிக் ஒருவன் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. அவன் ஊரில் மாடியிலேயே மீனும் காய்கறியும் சேர்த்து வளர்க்கிறார்களாம். தொட்டியில் மீன். மீன் கழிவோடு கலந்த தண்ணீரை மோட்டார் இழுத்து, ஜல்லி நிரப்பின பீப்பாயில் விடும். ஜல்லியில் நிற்கிற செடி அதைச் சாப்பிட்டு வளரும். சுத்தமான தண்ணீர் திரும்ப மீனுக்கே வந்துவிடும். மண் வேண்டாம், உரம் வேண்டாம்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு மொட்டை மாடியில் பீப்பாய் ஏறியது, பைப் ஏறியது. கடைசியில் ஜிலேபி மீன் குஞ்சும் ஏறியது.

கூப்பிடு தூரத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற பேட்டையில் ஒருத்தர் மாடியில் மீன் வளர்த்தால் சும்மா விடுவார்களா? ரூத்தின் தம்பி நெல்சன், சொந்தமாக மீன்பிடி லாஞ்சு வைத்திருப்பவன், முதல் நாளே கேட்டான்:

"மாமா, கடல்ல மீனு தீந்துபோச்சின்னு உனக்கு யாருனா சொன்னாங்களா?"

"சிரி மச்சான், சிரி. உம் பொண்ணு கோயில்ல புதுநன்மை வாங்கற அன்னிக்கு விருந்துக்கு மீன் கொழம்பும் கீரையும் எம் மாடிலேந்துதான் வருது."

"வந்துச்சின்னா லாஞ்ச வித்துட்டு உம் மாடிக்கே கூலிக்கு வரேன்."

கீரை வந்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் விசிறி அகலத்துக்கு வந்தது. தக்காளியும் குறைவில்லை. தண்ணீர்தான் கலங்கிக்கொண்டே போனது.

காற்று போதவில்லை என்று தோன்றி, லூயிஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு காற்று மோட்டார் வாங்கி வந்து தொட்டியில் போட்டார். மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து சோப்பு நுரை மாதிரி பொங்கி, மழைநீர்க் குழாய் வழியாகக் கீழே இறங்கியது. கீழ்வீட்டு பதுருன்னிசா அப்போதுதான் அலசி உலர்த்தியிருந்த படுக்கை விரிப்பில் போய் உட்கார்ந்தது.

"லூயிசண்ணே! இன்னா இது, ஒரே பேஜாரா கீது? துணியெல்லாம் கலீஜாயிடுச்சி!"

"மன்னிச்சுக்கம்மா. நானே தொவச்சித் தரேன்."

"அதெல்லாம் வோணாம். அதுங்க நல்லா கீதா? அத்தச் சொல்லு."

கோபத்திலும் மீனை விசாரிக்கிறாளே என்று லூயிஸுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

அழுக்கெல்லாம் ஜல்லியில்தான் இருக்கிறது என்று அடுத்த யோசனை வந்தது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, ஜல்லியைக் கூடை கூடையாக அள்ளி பிரஷ் போட்டுத் தேய்த்தார். பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மணிலாக்காரன் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது: கல்லில் படிகிற வழவழப்புதான் தண்ணீரைச் சுத்தம் பண்ணும், அதில் மட்டும் கை வைத்துவிடாதே.

இரண்டு நாளில் தண்ணீர் கழுநீர் நிறத்துக்கு வந்தது.

தீனி அதிகமாகிவிட்டதோ? லூயிஸ் மாடிப்படியில் நின்று வீட்டுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். "ரூத்து, இன்னிலேந்து மீனுக்கு ஒருவேளைதான் தீனி. அதுவும் ஒரு சிட்டிகை. பட்டினி கெடந்தாத்தான் தண்ணி தெளியும்."

ரூத் அவசரமாக அடுப்படிக்குள் போனாள். கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பதுருன்னிசாவின் கை மட்டும் ஒரு கணம் நின்றது.

அந்த வாரம்தான் நாற்றம் உச்சத்துக்குப் போனது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மினுமினுத்தது. லூயிஸ் வடக்கே பார்த்தார். தூரத்தில் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன.

"எண்ணூர் பக்கத்துக் காத்து. அதுல வர்ற பொகைதான் வந்து எறங்குது" என்றார்.

"பொகைல பெருங்காய வாசனையா வரும்?" என்று நெல்சன் கேட்டான்.

"ஃபேக்டரில இன்னா இன்னா காய்ச்சறானோ, யாருக்குத் தெரியும்?"

மீன்கள் ஒருக்களித்து மிதக்க ஆரம்பித்தன. லூயிஸ் வேறு வழி தெரியாமல், எல்லாவற்றையும் வலையில் அள்ளி மாடியிலேயே இருந்த பெரிய சின்டெக்ஸ் டாங்கில் விட்டார். அது மூன்று வீட்டுக்கும் குளிக்க, கழுவத் தண்ணீர் போகிற டாங்க். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மூடியை இறுக்கி மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

அதிசயமாக, மூடிக்குள்ளே மீன்கள் தேறின. லூயிஸ் திருட்டுத்தனமாக மூடியைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம், சளி பிடித்திருந்த குழந்தை விளையாடக் கிளம்பின மாதிரி துள்ளின. தண்ணீரிலும் வாசனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரர் லோகநாதன் இடுப்பில் துண்டும் கையில் மக்குமாக மேலே வந்தார். தலையில் பாதி சோப்பு நுரை.

"லூயிசு, இது இன்னா?"

லூயிஸ் மக்குக்குள் எட்டிப் பார்த்தார். விரல் நீளத்தில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மீனு, ஓனரே."

"மீனுன்னு தெரியுதுய்யா. என் பக்கெட்டுல ஏன் கீது?"

"குட்டி போட்டுடுச்சி போல. பெருசா இருந்தா பைப்புல எறங்கியிருக்காது."

"பெருசா இருந்தா பரவால்லன்றியா? நான் கண்ண மூடிக்கினு தலைல ஊத்திக்கினேன். முதுகுல இன்னாமோ நடந்து போவுது! நாளைக்குள்ள டாங்க்கக் காலி பண்ணு. இல்லன்னா வூட்டக் காலி பண்ணு."

வாடகை வீடு. அந்தப் பேட்டையில் இன்னொரு மாடி கிடைப்பது லேசில்லை. லூயிஸ் அன்றைக்கே டாங்கைக் கழுவிக் கொடுத்தார். டாங்கில் மீன் தேறியதற்கு இருட்டுதான் காரணம் என்று முடிவுகட்டி, தொட்டிக்குப் புதுத் தண்ணீர் நிரப்பி, மேலே லாரித் தார்ப்பாய் கட்டி நிழல் பண்ணினார். மீன்கள் பழைய வீட்டுக்குத் திரும்பின. வந்த மூன்றாம் நாளே வாயை நீட்டிக்கொண்டு மேலே வந்து நின்றன.

தார்ப்பாய்க்கு உள்ளே நாற்றம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் கெட்டியாகி நின்றதுதான் மிச்சம்.

புதுநன்மைக்கு முந்தின நாள் சாயங்காலம், லூயிஸ் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தை விட்டு வந்த பிறகு, விடிந்ததும் எழுந்து போய்ப் பார்க்க அவருக்கென்று இருந்தது இதுகள்தான். மோட்டார் சத்தம் கேட்டால் தூக்கம் வந்தது. கேட்காவிட்டால் விழிப்பு வந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கிரேனைப் பிரித்துப் பூட்டியவனுக்கு ஒரு தொட்டி மசியவில்லை என்பதுதான் அவரை அறுத்தது.

நெல்சனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் ஐஸ் பெட்டியோடு வந்தான். ரூத் வந்தாள். சத்தம் கேட்டு லோகநாதன் வந்தார், பின்னாலேயே பதுருன்னிசாவும் வந்தாள்.

"மச்சான், தோத்துட்டேன்" என்றார் லூயிஸ். "எல்லாத்தையும் எடுத்துக்கினு போய்டு. நாளைக்குத் தொட்டியப் பிரிச்சுடறேன். எனக்குக் கைராசி இல்ல."

இதற்காகவே மாசக்கணக்கில் காத்திருந்த நெல்சன் வாயைத் திறந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"ஓனரே, உங்களுக்குனா ரெண்டு வோணுமா? கொழம்பு வெக்கலாம்" என்றார் லூயிஸ்.

"ஐயோ, எனக்கு வோணாம்பா." லோகநாதன் தொட்டிப் பக்கம் ஓரடி வந்தார். அவ்வளவுதான், அத்தனை மீனும் திரும்பி அவர் நிற்கிற பக்கம் பாய்ந்து வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. லோகநாதன் பொசுக்கென்று பின்னால் நகர்ந்து, வானத்தைப் பார்த்தார்.

"பாருங்க, போவப் போறோம்னு அதுங்களுக்கே தெரிஞ்சிடுச்சி" என்று லூயிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பல்லாம் ஒரு சிட்டிகைக்கு மேல நான் போடறதில்ல. அப்பவும் எப்டி பாசமா கீது பாரு."

ரூத் தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சை ரொம்பக் கவனமாக ஆராய்ந்தாள். நெல்சன் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

பதுருன்னிசாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன் ரூத்தக்கா, அப்ப நாளைலேந்து நம்ம மூணு வூட்டு மிச்ச சோத்தையும் எங்க கொண்டுபோய்க் கொட்றது?"