பூவராகவன் நேரில் பார்த்து வரைந்த ஏரி

காலையில் வந்து நின்ற ஆள், சாப்பாட்டுச் சங்கு ஊதிய பிறகும் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. பூவராகவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்காட்சி திறந்த நாளிலிருந்து அவன் படத்தை நின்று பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

கும்மிடிப்பூண்டி ஆணி கம்பெனியின் மேனேஜர் அருணாச்சலம் பம்பாய் போய் வந்த சூட்டில் செய்த வேலை இது. காலியாகக் கிடந்த கோடவுனுக்குச் சுண்ணாம்பு அடித்தார், கலைக்கூடம் என்று போர்டு மாட்டினார், நாலு ஃபேன் போட்டார். 'இன்றைய இயற்கைக் காட்சி ஓவியங்கள்' என்று கண்காட்சியும் வைத்துவிட்டார். மெட்ராஸிலிருந்து வந்த படங்களில் எது மலை, எது வானம் என்று வரைந்தவனுக்கே சந்தேகம் வரும். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஜனங்கள் கலை தாகத்தோடு உள்ளே வந்து, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, வேர்வை அடங்கியதும் எழுந்து போனார்கள்.

அந்தப் படங்களுக்கு நடுவே, கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கும் பூவராகவனின் படமும் ஒன்று தொங்கியது. 'பழவேற்காடு ஏரி, காலை.' நீல ஏரி, கரையில் மூன்று பனைமரம், அதற்கு நேரே ஒரு படகு, படகின் வெள்ளைப் பாயில் சிவப்பாக ஒரு ஒட்டு. மூலையில் கையெழுத்தும் 9-4-72 என்ற தேதியும்.

படத்தின் முன்னால் நின்றவர் பழவேற்காட்டு மீனவர் சடையப்பன். நைலான் நூல் வாங்க வந்த இடத்தில் காற்றுக்காக உள்ளே நுழைந்தவர். பூவராகவன் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினான்.

"இத்த வரைஞ்சது நீயா சார்?"

"நான்தான்."

"பாத்து வரைஞ்சியா, சும்மா தோணுனத வரைஞ்சியா?"

கேட்ட நேரம் சரியில்லை. ஒரு பக்கம் மேனேஜர் நிற்கிறார். இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கூடையோடு பூவராகவனின் மனைவி சந்திரகலா. வேறு எப்படிப் பதில் சொல்வது?

"நேரில் பார்த்து வரைஞ்சது. கரையில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து. ஒரு ஓலை கூட நானா சேர்க்கலை."

"கீழ போட்டுக்கிற தேதி?"

"அன்னைக்குத்தான். ஞாயித்துக்கிழமை. வேணும்னா இவளைக் கேளுங்க."

சந்திரகலா பெருமையாகத் தலையாட்டி, அன்றைக்குத் தான்தான் புளிசாதம் கட்டிக் கொடுத்ததாகச் சாட்சி சொன்னாள். சடையப்பன் இது போதும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நல்ல ரசிகர் என்றார் மேனேஜர். பூவராகவனும் அப்படித்தான் நம்பினான், பாவம்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். பூவராகவன் அந்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்ததில்லை. சந்திரகலா திருவள்ளூரில் பரம சைவமான குடும்பத்துப் பெண். மீன் கவிச்சியை விட்டுவிடுவேன் என்று அவள் அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் கல்யாணமே நடந்தது. சத்தியம் செய்தது வாய், நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஞாயிறானால் பெயிண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, ஏரிக்குப் போகிறேன் என்று ரயிலேறி, கவரைப்பேட்டையில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மோசஸ் வீட்டுக்குப் போய்விடுவான். மோசஸ் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மீன் குழம்பு வைப்பதில் மகா கில்லாடி. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மோசஸ் வீட்டுச் சுவரில் தொங்கும் காஷ்மீர் காலண்டரைப் பார்த்துப் படம் போடுவான். மலையை எடுத்துவிட்டு, ஊசியிலை மரத்தைப் பனையாக்கினால் பழவேற்காடு. வீட்டுக்குக் கணக்குக் காட்டத் தேதி.

அந்தச் சிவப்பு ஒட்டு? அன்றைக்கு மட்டும் படம் போட்டுக்கொண்டே சாப்பிட்டதில் பாயின் மேல் நெத்திலிக் குழம்பு சொட்டிவிட்டது. துடைத்தும் போகவில்லை. மேலே சிவப்பு பெயிண்டைச் சதுரமாக அப்பி, ஒட்டுப் போட்ட பாய் என்று ஆக்கிவிட்டான்.

மறுநாள் கலைக்கூடத்து வாசலில் ஒரு புருஷன் பெண்சாதி வந்து நின்றார்கள். அவன் பெயர் லோகநாதன். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தான். அவள் எல்லம்மா. அழுதுகொண்டே அவள்தான் பூவராகவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

பழவேற்காட்டு ஏரியில் இறால் நிறைய விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்தக் குப்பம் என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு முறை உண்டு. மூன்று பனைக்கு நேரே இருக்கும் பாடு அந்த ஞாயிற்றுக்கிழமை சடையப்பனின் வடக்குக் குப்பத்துக்கு. அவர்கள் போய் வலை போட்டபோது பாசிதான் வந்ததாம். யாரோ முந்திக்கொண்டார்கள் என்று அன்றிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. இப்போது சடையப்பன் கண்டுபிடித்துவிட்டார். சிவப்பு ஒட்டுப் போட்ட பாய் ஏரியிலேயே ஒன்றுதான். எல்லம்மாவின் பழைய புடவையைக் கிழித்துத் தைத்த அந்தப் பாய் தெற்குக் குப்பத்து லோகநாதனுடையது. முறை தப்பி வலை போட்டவன் ஒரு வருஷம் ஏரியில் இறங்கக் கூடாது.

"எனக்கு அன்னைக்கு ஜுரம் சார்," என்றான் லோகநாதன். "ஊட்ல இதே கம்பளிய போத்திக்கினு கெடந்தேன்."

"படம் போட்டவரு கண்ணால பாத்தேன்னு சொல்ட்டாருன்றாங்க," என்றாள் எல்லம்மா. "ஒரு வருஷம் இன்னாத்த துன்றது சார்?"

தான் தின்ற நெத்திலிக்கு ஒரு காய்ச்சல்காரன் பட்டினி கிடப்பதா? ஆனால் உண்மையைச் சொன்னால் சந்திரகலா அன்றே திருவள்ளூருக்குப் பெட்டி கட்டுவாள். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருவரையும் அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் கூடம் காலியானதும் பிரஷ்ஷை எடுத்தான். சிவப்பு ஒட்டின் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தான். ஒட்டு போனது, வழக்கும் போனது என்று நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்ததும் சடையப்பன் வடக்குக் குப்பத்துப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு படத்தைக் காட்ட வந்தார். பாய் வெள்ளை வெளேரென்று இருந்தது. சடையப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டார், கிட்டப் போய் விரலை வைத்தார். விரலில் வெள்ளை ஒட்டியது.

பூவராகவன் வாயைத் திறப்பதற்குள் சந்திரகலா புயலாக உள்ளே வந்தாள். மூக்கை முந்தானையால் பொத்தியிருந்தாள். காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு கூடை இறாலாம். மீசையை ஆட்டிக்கொண்டு உயிரோடு இருந்ததாம். எல்லம்மா என்று ஒருத்தி வைத்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். நாலு முறை சாணம் தெளித்தும் நாற்றம் போகவில்லையாம்.

"நம்ம வீட்டுக்கு எதுக்குங்க எவளோ இறால் அனுப்பறா?"

சடையப்பன் விரலில் இருந்த பெயிண்டைப் பார்த்தார், பூவராகவனைப் பார்த்தார், மெதுவாகச் சிரித்தார். "எனக்கு வெளங்கிப்போச்சிம்மா," என்றார்.

அதற்கப்புறம் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைச் செல்லியம்மன் கோயிலில் இரண்டு குப்பமும் கூடும். படத்தோடு வந்து, கற்பூரம் அடித்து, அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று சொல்லிவிட்டுப் போ என்று தீர்ப்பானது. வர முடியாது என்று சொல்லலாம் என்று பூவராகவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜரோ பூரித்துப்போய் நின்றார். பம்பாயில்கூட ஒரு படத்துக்காக இரண்டு ஊர் கூடியதில்லையாம். கம்பெனி வேனையே தருவதாகச் சொன்னார். சந்திரகலாவும் கிளம்பிவிட்டாள். புருஷன் ஞாயிறுதோறும் உட்கார்ந்து தவம் செய்யும் இடத்தை ஒரு தரமாவது பார்க்க வேண்டுமாம்.

வேன் பொன்னேரி தாண்டியதும் டிரைவர் வழி கேட்டான். பூவராகவன் நேராகப் போ என்றான். நேராகப் போனால் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகை வந்தது. ராத்திரி வந்த ஜலதோஷத்தில் தலை கிறுகிறுக்கிறது என்று சமாளித்தான்.

ஏரியைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரையில் மூன்று பனை. நீல ஏரி. அவன் போட்டது போட்டபடி இருந்தது. காஷ்மீர் காலண்டரைப் பார்த்துப் பழவேற்காடு காப்பி அடித்துவிட்டதா என்ன? ஒருவேளை தான் நிஜமாகவே வந்துதான் வரைந்தோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பாத்தியா, எல்லாம் கரீட்டா கீது," என்றார் சடையப்பன். "எங்க குந்திக்கினு வரைஞ்ச, அந்த எடத்த மட்டும் காட்டு சார்."

பூவராகவன் கையை நீட்டினான். நீட்டிய இடம் இடுப்பளவு சேறு. நண்டுகூடத் தங்காத இடம் என்று கூட்டத்தில் சிரித்தார்கள். கோயில் படியில் கற்பூரம் கொளுத்தியாகிவிட்டது. எதிரே லோகநாதன் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். எல்லம்மா இமைக்காமல் பூவராகவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவராகவன் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொன்னவன். ஆனால் அந்தக் கம்பளியைப் பார்த்துக்கொண்டு இன்னொன்று சொல்ல வரவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று கற்பூரத்தில் கையை அடித்தான்.

"நான் யாரையும் பார்க்கலை. நான் இங்கே வந்ததே இல்லை."

பிறகு மோசஸ், காலண்டர், ஊசியிலை மரம், நெத்திலி எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினான். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சடையப்பன் மட்டும் நம்பவில்லை. இறால் வாங்கினவன் எதையும் சொல்வான் என்றார். படத்தை வாங்கி, நகத்தால் பாயைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது, சிவப்பு உதிர்ந்தது, அடியில் மஞ்சளாக எண்ணெய்க் கறை வந்தது. மூக்கருகில் கொண்டு போய் ஆழமாக முகர்ந்தார். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது.

"நெத்திலிதான்," என்றார் மனசில்லாமல். "மாங்கா போட்ட நெத்திலி."

அந்த மூக்குக்கு ஏரிக்கரையில் மறுபேச்சு கிடையாது. லோகநாதன் மேல் குற்றம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். இதற்கா ஒரு வாரத் தொழிலைக் கெடுத்தாய் என்று சடையப்பன் படத்தைப் பூவராகவன் கையில் திணித்துவிட்டு, வலை உலர்த்தப் போய்விட்டார். மேனேஜர் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சந்திரகலா அழவில்லை, கத்தவில்லை. வேனுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கட்டிக் குடுத்த புளிசாதத்தை என்ன பண்ணீங்க?"

"மோசஸ் சாப்பிட்டான். உன் புளிசாதம்னா அவனுக்கு உசிரு."

"இதுலயாவது உண்மையைச் சொல்லத் தெரிஞ்சுதே," என்று சொல்லிவிட்டு, திருவள்ளூர் பஸ் எங்கே நிற்கும் என்று டிரைவரிடம் விசாரிக்கப் போனாள்.

பூவராகவன் கையில் படத்தோடு பனைமரத்தடியில் தனியாக நின்றான். வீடு போனது, ஓவியம் போனது, திங்கட்கிழமை மேனேஜர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதும் தெரியவில்லை. ஆனாலும் மனசில் ஒரு ஓரம் லேசாக இருந்தது. ஒரு நிரபராதியைக் காப்பாற்றிவிட்டோம். அதற்காக எது போனாலும் போகட்டும்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. எல்லம்மா. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தூரத்தில் லோகநாதன் கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, ஆள் ஜம்மென்று படகில் ஏறிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்காவ, பொஞ்சாதி எதிர்லயே கற்பூரம் அடிச்சிப் பொய் சொன்ன பாரு, ஒம் புள்ளகுட்டி நல்லா இருக்கும் சார்," என்றாள் எல்லம்மா குரலைத் தாழ்த்தி. "நெத்திலிக் கொழம்பக்கூட மறக்காம பூசிக்கினு வந்திருந்த. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அன்னைக்கு ஒரு ஈ காக்கா இல்லன்னு நல்லா சுத்திப் பாத்துட்டுத்தான் நாங்க வலைய எறக்குனோம். நீ எங்க ஒளிஞ்சிக்கினு வரைஞ்ச?"