பூட்டுக்காரர் ஏறிய விமானம்

விமானமே இறங்க முடியாத ஊருக்கு விமானத்தில் போய் இறங்கியவர் இந்த உலகத்திலேயே எங்கள் தெருப் பூட்டுக்காரர் ஒருவர்தான். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆளாக அவருடைய மைத்துனர் நிற்கிறார்.

மகளுக்கு வலி எடுத்துவிட்டதென்று விடியும்போதே மருமகன் போன் செய்தார். மகள் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம், இருநூறு கிலோமீட்டர் தள்ளி. பேரப்பிள்ளையை முதலில் தூக்குவது தான்தான் என்று பூட்டுக்காரர் பத்து மாதமாகத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். ஆனால் சம்பந்தி அங்கே பக்கத்திலேயே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாரே!

"விமானத்துல முக்கால் மணி நேரம்தான்," என்றார் மைத்துனர். "ஆனா நீங்க பஸ்ல போனாலே ஊர் மாறி இறங்குற ஆளு அத்தான்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்த ஒரே டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். விமானத்தில் போனை அணைக்க வேண்டுமாமே? எதற்கு வம்பென்று வீட்டு வாசற்படியிலேயே அணைத்தார்.

பயத்துக்கு ஒரு வாந்தி மாத்திரை. அது பத்தாதென்று இன்னொன்று. விமானம் ஓடுதளத்தில் மூன்று மணி நேரம் தவம் கிடந்தது அவருக்குத் தெரியாது. மேலே ஏறியதும் தெரியாது. குறட்டையில் விமானம் குலுங்கியதாகக் கேள்வி.

பணிப்பெண் உலுக்கியபோதுதான் விழித்தார். கண்ணில் இன்னும் மாத்திரை மயக்கம், கை நீட்டினால் விரல் தெரியவில்லை. பயணிகள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்களைத் திட்டலாமா என்று நாலு பேருக்குப் புத்தி சொன்னார்.

"சாயங்கால விமானத்துல இடம் போடட்டுமா சார்?" என்று கேட்டாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"வந்து சேர்ந்தாச்சேம்மா, இனி எதுக்கு?"

டாக்சிக்காரரிடம் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி என்றார். வழியில் ஒரு பேக்கரி, தன் கடைக்கு எதிரே இருப்பது போலவே, அதே கோணல் பலகையோடு. ஊருக்கு ஊர் காப்பியடிக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மகள் பெயரைச் சொன்னார். நர்ஸ் விரலால் ஓர் அறையைக் காட்டினாள். தாயும் சேயும் நலம், பெண் குழந்தை. பூட்டுக்காரருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பேத்தியை வாரி எடுத்தார். எட்டிப் பார்த்தார், சம்பந்தியைக் காணோம்.

"அதுக்குள்ள எப்படிப்பா வந்தீங்க?" என்றாள் மகள்.

"விமானம்னா சும்மாவா?"

அந்த நேரம் மனைவியும் மைத்துனரும் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்கள். பூட்டுக்காரர் திகைத்துப்போனார்.

"நீங்க எந்த விமானத்துல வந்தீங்க?"

"ஆட்டோவுல," என்றாள் மனைவி.

"இருநூறு கிலோமீட்டரும் ஆட்டோவுலயா?"

மைத்துனர் அவரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சரிந்தார்.

"அந்த ஊர்ல பனின்னு உங்க விமானம் கிளம்பின இடத்துக்கே திரும்பிடுச்சு அத்தான். இது நம்ம ஊரு ஆஸ்பத்திரி. அங்க முடியாதுன்னு டாக்டர் காலையிலேயே இவளை ஆம்புலன்ஸ்ல இங்க அனுப்பிட்டார். உங்க சம்பந்தி இன்னும் பஸ்ல வந்துகிட்டிருக்கார்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எல்லாருக்கும் முன்னாடி வந்து சேர்ந்தது நீங்கதான். அதை நான் ஒத்துக்கறேன்."