பல்கலைக்கழகம் தத்துக்குப் போன கதை

"சார், அந்தப் பல்கலைக்கழகத்தைத் தத்து எடுக்கணும்னா மனு எங்க குடுக்கணும்?"

கத்தரி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான்.

"பல்கலைக்கழகத்தையெல்லாம் யாரும் தத்து எடுக்க முடியாதுங்க."

"மேடமே சொல்றாங்களே! அவங்க குரல் எனக்குத் தெரியாதா?"

குரல் மேடத்தினுடையதுதான். வெட்டு மட்டும்தான் இவனுடையது.

சட்டமன்ற உறுப்பினரான மேடம், அவையில் நடப்பதையெல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசிப் பதிவு செய்து தொகுதி மக்களுக்கு அனுப்புவார். பட்ஜெட் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்கிற ஒரே மனுஷி என்று எதிர்க்கட்சிக்காரர்களே அவரைப் பற்றிப் பொருமுவார்கள். படித்ததை மிச்சம் வைக்காமல் சொல்லியும் விடுவார், அதுதான் தொல்லை. அந்த நீளப் பேச்சை வெட்டி ஒட்டி இரண்டு நிமிடமாகச் சுருக்குவது உதவியாளனின் வேலை. கத்தரி என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

தத்தெடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் மேடம் ஒரு வாக்கியம் சொல்வார். கத்தரி அதைக் காதில்கூட வாங்காமல் வெட்டிவிடுவான். அடுத்த வாரம் அவர் மறுபடி சொல்வார், இவன் மறுபடி வெட்டுவான். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

இன்று காலை வெட்டும்போது கை கொஞ்சம் நழுவி, முன்னால் வந்த பல்கலைக்கழகப் பேச்சிலும் பின்னால் வந்த தத்தெடுப்புப் பேச்சிலும் கொஞ்சம் சேர்த்து எடுத்துவிட்டது. ஒட்டியபின் மேடம் கணீரென்று சொன்னது இதுதான்: "வரவு செலவை ஒழுங்கா காட்டாத பல்கலைக்கழகத்தை தத்து எடுக்க விரும்புறவங்க இனிமே வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டாம்."

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இன்று மாலை தத்தெடுப்பு மசோதாவுக்கு வாக்கெடுப்பு. எல்லா விசாரணையும் முடிந்த பிறகும் பிள்ளை ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமும் ஏங்கிக் கிடப்பதற்கு முடிவு கட்டுகிற மசோதா. ஒரே ஒரு ஓட்டு குறைகிறது. அதைக் கையில் வைத்திருந்த எதிர்க்கட்சி மீசைக்காரர் இன்னும் மதில்மேல்தான் உட்கார்ந்திருந்தார். இந்தக் கூத்து அவர் காதுக்குப் போனால் மசோதா கோவிந்தா.

"மேடத்துக்கு ஒரு போன் போடேன், தம்பி" என்றார் அலுவலக வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டிரைவர்.

"அவையில இருக்காங்கண்ணே. நானே சரி பண்ணிடறேன்."

வெட்டி எறிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி ஒரு திருத்தம் அனுப்பினான். அவசரத்தில் பல்கலைக்கழகக் கணக்கைத் தணிக்கை செய்யப்போகும் குழுவைப் பற்றிய பேச்சின் வாலைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டான்.

உடனே ஓர் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். "தத்து எடுத்த பிள்ளைங்களை வருஷா வருஷம் தணிக்கை பண்ணுவீங்களாமே? என் மக பல்லே ஒழுங்கா தேய்க்க மாட்டா. தணிக்கையில பிடிச்சுக்குவாங்களா?"

"ஐயோ, பிள்ளைக்கு இல்லைங்க, துணைவேந்தருக்கு!"

"அவரும் தேய்க்க மாட்டாரா?"

கத்தரி தன் சொந்தக் குரலில் ஒரு விளக்கம் பேசி அனுப்பினான். அதைக் கேட்டவர்கள் மேடத்துக்குத் தொண்டை போய்விட்டது என்று முடிவு கட்டி, ஆரஞ்சுப் பழத்தோடு படியேறினார்கள். கடைசியாகப் பல்கலைக்கழகப் பதிவாளரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"எங்களை யார் எடுத்துக்கறாங்க? நல்ல குடும்பமா? ஹாஸ்டல் கூரை ஒழுகுதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டீங்கல்ல?"

அப்போதுதான் மேடம் போனில் வந்தார். கத்தரி எழுந்து நின்றுகொண்டான்.

"மூணையும் கேட்டேன்" என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் உதறலாக இருந்தது. "போதும்ப்பா. நான் பேசினதை வெட்டாம அப்படியே அனுப்பு."

"முழுசாவா மேடம்? பட்ஜெட்ல அந்தக் குடிநீர்க் குழாய்க் கணக்கெல்லாம்…"

"அவங்க குடிக்கிற தண்ணி. கேக்கட்டும்."

"சரி மேடம். அந்த ஒரு வாக்கியம்?"

"அது மட்டும் உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டார்.

கத்தரி நகத்தைக் கடித்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முழுசாகவே அனுப்பினான்.

வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்கள். குழாய்க் கணக்கைக்கூடத் தலையாட்டிக் கேட்டார்கள். எந்தத் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று இத்தனை தெளிவாக யார் சொல்லியிருக்கிறார்கள்? தத்தெடுப்புப் பகுதி வந்ததும் கத்தரி தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவாளர் எழுந்து தன் நாற்காலியை அவனுக்கு நகர்த்திப் போட்டார்.

மதியத்துக்குள் அந்தப் பதிவு பக்கத்திலிருந்த மீசைக்காரரின் தொகுதிக்கும் பரவி, அங்கிருந்து அவருக்குப் போன்மேல் போன். மாலையில் அவர் கை தூக்கினார். மசோதா நிறைவேறியது. மேடம் மேஜையைத் தட்டாமல், வாய்விட்டுச் சிரிக்காமல், அடுத்த கேள்விக்கான தாளை எடுத்தாராம். அதுதான் மேடம்.

கத்தரிக்குச் சந்தோஷம்தான். ஆனால் பண்ணிய குளறுபடிக்குத் தண்டனை வேண்டாமா? ராஜினாமாக் கடிதம் எழுதி, அவையிலிருந்து மேடத்தை அழைத்துவரக் கிளம்பிய டிரைவரிடம் கொடுத்தனுப்பினான். டிரைவர் காலி வண்டியோடு திரும்பி வந்தார்.

"என்னண்ணே, மேடம் வரலையா? கடிதத்தைப் படிச்சாங்களா?"

"அவங்களை வீட்டுல இறக்கிட்டுதான் வரேன். படிச்சாங்க தம்பி, வேலையை விடறதுன்னா தாராளமா விடலாமாம். ஆனா அஞ்சு வருஷம் அலைஞ்சு தத்து எடுத்த பிள்ளையோட ராஜினாமாவை ஏத்துக்க மாட்டாங்களாம், சாப்பாடு ஆறுது வான்னாங்க உங்கம்மா."